பூச்சு இறுகும் வரை

விடை தெரிந்தவர்கள் இடையில் சொல்லிவிடாமல் முழுவதும் கேளுங்கள்.

மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் இருளப்பன் வேலை செய்தான். வெடி வைத்துப் பிளந்த பாறையின்மேல் கான்கிரீட் கலவையைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி அடிப்பது அவன் தொழில், ஷாட்கிரீட் என்பார்கள். அந்தப் பூச்சு இறுகிப் பாறையைக் கவ்விக்கொண்ட பிறகுதான் அதனடியில் ஆட்கள் நடமாடலாம். அவனுடைய அக்கா வேலம்மாளின் கணவன் சிவனாண்டியும் அங்கேயே துளை போடும் வேலையில் இருந்தான்.

ஒருநாள் காலை, பூசாத பகுதியில் கூரை சரிந்தது. சிவனாண்டி இடுப்புவரை பாறைக்குள் சிக்கிக்கொண்டான். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மேலிருந்து கல் உதிர்வது நிற்கவில்லை. பாறையைப் புரட்ட ஆறு பேர் வேண்டும். ஆறு பேரும் தயாராக நின்றார்கள்.

"முதல்ல கூரைக்கு அடிங்க. அது இறுகாம யாரும் உள்ள போகக் கூடாது," என்றாள் பொறியாளர் தேவகிருபை.

சிவனாண்டி அதைக் கேட்டான். "மேடம் சொல்றதைச் செய் மாப்ளே. அப்புறம் நான் வலி தாங்காமக் கத்தினாலும் நிறுத்திடாதே. அத்தனை பேரும் புள்ளகுட்டிக்காரங்க."

"சரி மச்சான்," என்றான் இருளப்பன்.

பாதி பூசுவதற்குள் சிவனாண்டி கதற ஆரம்பித்தான். "போதும் மாப்ளே, நிறுத்து! என்னைத் தூக்கு!"

ஆறு பேரும் இருளப்பனின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் நிறுத்தியிருந்தால் பாறையைப் புரட்ட உள்ளே ஓடியிருப்பார்கள். கண்ணீர் வழிய, அவன் கூரையை மட்டும் பார்த்து அடித்தான்.

பூச்சு இறுகியது. ஆறு பேரும் பாறையைப் புரட்டினார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. வெளியே கொண்டுவந்தபோது சிவனாண்டிக்கு மூச்சில்லை. முன்பே எடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

வேலம்மாள் அழுகைக்கிடையே கேட்டாள்: "கடைசியா என்னடா சொன்னாரு?"

"மத்தவங்க உசிரு முக்கியம், அடின்னாருக்கா."

கதறலை அவன் சொல்லவில்லை.

முதலில் கொடுத்த வாக்கா, பிறகு கேட்ட கெஞ்சலா, எதற்கு இருளப்பன் கட்டுப்பட்டிருக்க வேண்டும்? அக்காவிடம் அவன் மறைத்தது சரியா?

விடை: சிவனாண்டியின் உயிர் மட்டும் பணயம் என்றால், பின்னால் கேட்டதே செல்லும். ஆனால் அந்தக் கெஞ்சலுக்கு இணங்கியிருந்தால் ஆறு உயிர்கள் பணயமாகியிருக்கும். அவற்றைக் கேட்கச் சிவனாண்டிக்கும் உரிமையில்லை, கொடுக்க இருளப்பனுக்கும் இல்லை. நிறுத்தாதது சரி. மறைத்ததுதான் தவறு, கணவன் பட்ட வலியும் மனைவிக்குச் சேர வேண்டியதே. கருமாதி முடிந்ததும் அவனாகவே எல்லாவற்றையும் சொன்னான். வேலம்மாள் வெகுநேரம் அழுதாள். பிறகு, "இத்தனை நாளா இதைத் தனியாவா சுமந்துக்கிட்டிருந்தே?" என்று கேட்டு, அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.