பூமி ஆடினா பொய்

ஒரு ஊரு இருந்துச்சு, அது சும்மா நிக்கவே நிக்காத ஊரு. எங்கயும் ஓடிப் போகலை, இருந்த இடத்துலயே ஆடிக்கிட்டு இருந்துச்சு. பேரு குலுக்கப்பட்டி. உலை கொதிக்கும்போது ஒரு ஆட்டம், மாடு வீடு திரும்பும்போது ஒரு ஆட்டம், நடுவுல எப்போ வேணும்னாலும் ஒரு ஆட்டம். வீடு இடியற ஆட்டம் இல்லை. பானை கிடுகிடுங்கும், கூரையில இருந்து கொஞ்சம் தூசி விழும், அப்புறம் ஒண்ணும் தெரியாத மாதிரி பூமி அடங்கிடும்.

புதுசா வர்றவன்தான் ஐயோ அம்மான்னு கத்துவான். ஊர்க்காரங்களுக்குப் பழகிப் போச்சு. பானையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்க மாட்டாங்க, எல்லாம் உறியில தொங்கும். சோறு திங்கும்போது இடது கை இலையை அமுக்கிக்கிட்டு இருக்கும். சவரம் பண்றவரு தரை உறுமினா கத்தியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, அடங்கினதும் விட்ட இடத்துல இருந்து செரைப்பாரு. தொட்டிலை யாரும் ஆட்ட வேண்டாம், அது பாட்டுக்கு ஆடும். இதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஊருல ஒரு கெட்ட நம்பிக்கை இருந்துச்சு, அதுதான் கதை. டேய், கட்டிலை ஆட்டாதே, கதையில ஆடினா போதும்.

என்ன நம்பிக்கைன்னா, பூமாதேவிக்குப் பொய்யே ஆகாதாம். யாராவது பொய் சொன்னா, இல்லை இல்லைன்னு அவ தலையை ஆட்டுறாளாம், அதான் தரை ஆடுதாம். அப்போ தரை ஆடும்போது எவன் பேசிக்கிட்டு இருக்கானோ அவன் பொய்யன். அவ்வளவுதான். சாட்சி வேண்டாம், சத்தியம் வேண்டாம், சூடம் அணைக்க வேண்டாம்.

இதனால என்ன ஆச்சு? ஊரே வாயை மூடிக்கிச்சு. "சாப்பிட்டியா?"ன்னா "ம்." "மழை வருமா?"ன்னா கையை விரிப்பாங்க. சந்தையில விலையை விரலால காட்டுவாங்க. மாமியாருங்க மருமகளைக் கண்ணாலயே திட்டுவாங்க. தாலாட்டுகூட ஆராரோ வரைக்கும்தான். கண்ணே மணியேன்னு பாடும்போது ஆடிட்டா பிள்ளை என்ன நினைக்கும்? அப்புறம், தரை ஆடி அடங்கினதும் ஒவ்வொருத்தரும் மத்தவங்க வாயைப் பாப்பாங்க. யாரு பேசினது? எவன் வாய் திறந்திருந்துச்சு? புருஷன் பொண்டாட்டி வாயைப் பாப்பான், அண்ணன் தம்பி வாயைப் பாப்பான், பூசாரி சாமி கும்பிட வந்தவன் வாயைப் பாப்பாரு.

இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவதான் வெள்ளத்தாயி. ஆடாத ஊருல பிறந்தவ, அதனால நல்லாப் பேசுவா. அதோட பெரிய சந்தேகக்காரி. மோர்க்காரி அளந்து ஊத்தினா, அவ கண்ணு முன்னாலயே இவ மறுபடி அளப்பா. கோழி கொக்கரிச்சா, முட்டை நெசமாவே இருக்கான்னு கூடைக்குள்ள கையை விட்டுப் பாப்பா. ஊரு நம்பிக்கையைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரிச்சா. "பூமிக்கு வேற வேலை இல்லையாக்கும்? உங்க வாயைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காக்கும்?"ன்னா.

ஆனா கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் என்ன நடந்துச்சுன்னா, அவ புருஷன் சங்கிலி, நல்ல மனுஷன், அதிகம் பேச மாட்டான், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவன் வெக்கத்தோட திரும்பி, "உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு புள்ள"ன்னான். சொல்லி வாயை மூடலை, தரை கிடுகிடுகிடுன்னு ஆடிடுச்சு.

அவன் முகம் செத்துப் போச்சு. இவ சிரிக்கலாம்னு பாத்தா, சிரிப்பு வரலை. எல்லாத்தையும் சந்தேகப்படுறவ இதை மட்டும் விடுவாளா? அன்னையில இருந்து அவன் பூ வாங்கிட்டு வந்தா, "யாருக்கு வாங்கினது மிச்சம்?"ன்னு கேப்பா. நேரம் கழிச்சு வந்தா, "எங்க போனீங்க?"ன்னு கேட்டுட்டு, அவன் பதில் சொல்லும்போது அவன் மூஞ்சியைப் பாக்க மாட்டா, தரையைப் பாப்பா. அவனும் அந்த வார்த்தையை அப்புறம் சொல்லவே இல்லை. சொன்னா ஆடிடுமோன்னு அவனுக்குப் பயம், சொல்ல மாட்டேங்கிறானேன்னு அவளுக்கு வேதனை.

அந்த ஊருக்கு ஒரு மணியக்காரரு, குமராண்டின்னு பேரு. ஊர் வழக்கைத் தீக்கிறது அவருதான். பூவரசு மரத்தடியில கூட்டம் போடுவாரு. மடியில துணி சுத்தின ஓலைக்கூடை ஒண்ணு இருக்கும். "மத்தியானச் சோறு"ன்னு சொல்வாரு. ஒரு கை எப்பவும் அந்தக் கூடை மேலதான்.

மொதல்ல கொண்டம்மாங்கிற விதவையோட எருமை மேல அவரே வழக்குப் போட்டாரு. "அந்த எருமை என்னுது"ன்னாரு மணியக்காரரு. தரை ஆடலை. அப்புறம் ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு, திடீர்னு, "ம், நீ சொல்லு, எருமை யாருது?"ன்னாரு. "என்னுதுங்கய்யா, கன்னுக்குட்டியில இருந்து நான்தான்..." கிடுகிடுகிடு. எருமை போச்சு. அப்புறம் எண்ணெய் ஆட்டுற பொன்னுலிங்கம் வந்தாரு. "செக்குமாடு என்னுது"ன்னாரு மணியக்காரரு. ஆடலை. பேசாம இருந்தாரு, திடீர்னு, "ம், நீ சொல்லு"ன்னாரு. "என் மாடுங்கய்யா..." கிடுகிடுகிடு. மாடு போச்சு. மூணாவதா நம்ம சங்கிலி. "கரிசக்காடு என்னுது"ன்னாரு. ஆடலை. பேசாம இருந்தாரு. "ம், நீ சொல்லு." "எங்க அய்யா எனக்குக் குடுத்த காடு..." கிடுகிடுகிடு. காடும் போச்சு.

வீட்டுக்கு வந்த சங்கிலி மூலையில உக்காந்துட்டான். "ஏங்க, அது நம்ம காடுதானே?"ன்னு கேட்டா வெள்ளத்தாயி. "தெரியலை"ன்னான் அவன். "பூமியே இல்லைங்குது. ஒருவேளை நான்தான் தப்பா நினைச்சுக்கிட்டு இருந்தேனோ?" தன் காட்டையே தன்னுதுன்னு மனுஷனால நம்ப முடியாமப் போச்சு.

மிச்சம் இருந்தது ஒரு கேணி. ரெண்டு பேருமா மண்ணு சுமந்து, கல்லு சுமந்து வெட்டின கேணி. அதைச் சுத்திப் போட்டிருந்த கத்திரியும் கீரையும்தான் கஞ்சி ஊத்துச்சு. ஒரு நாள் மணியக்காரர்கிட்ட இருந்து ஆள் வந்துச்சு. "அந்தக் கேணியும் அவரோடதாம். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னாரு." கேணி போனா அவ்வளவுதான், மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். சங்கிலி சொன்னான், "நான் வரேன். ஆனா வாயைத் திறக்க மாட்டேன். நான் திறந்தா ஆடிடும்."

அன்னைக்குத்தான் வெள்ளத்தாயியோட சந்தேகம் புருஷனை விட்டுட்டு மணியக்காரர் மேல திரும்புச்சு. மொத சந்தேகம், எல்லாரும் பேசும்போது ஆடுது, அந்தாளு பேசும்போது மட்டும் ஏன் ஆடறதே இல்லை? ரெண்டாவது சந்தேகம், சோத்துக்கூடைங்கிறாரே, அதுல இருந்து ஒரு கவளம் எடுத்துத் தின்னு யாராவது பாத்திருக்காங்களா? மூணாவது சந்தேகம், தெனமும் விடிஞ்சதும் இம்மாம்பெரிய மனுஷன் தானே போயி புத்தை உடைச்சு, கரையானைத் துண்டுல கட்டிக்கிட்டுப் போறாரே, அது எதுக்கு? சோத்துக்குத் தொட்டுக்கவா?

சாணி பொறுக்குற மாதிரி அவரு வீட்டுக் கொல்லைப்பக்கம் போனா. வேலி இடுக்குல கண்ணை வச்சுப் பாத்தா. கூடைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? பாம்பா? இல்லை. பேயா? இல்லை. புதையலா? அதுவும் இல்லை. ஒரு கௌதாரி! அவரு உள்ளங்கையில கரையானை வச்சு நீட்டினாரு, அது கொத்திக் கொத்தித் தின்னுச்சு. திடீர்னு தீனியை விட்டுட்டு, சிறகை விரிச்சுப் படபடன்னு அடிச்சுச்சு. மணியக்காரரு "ம், வருது"ன்னு சொல்லிட்டு தூணைப் பிடிச்சுக்கிட்டாரு. வெத்தலை மடிக்கிற நேரம்தான் இருக்கும், கிடுகிடுகிடுன்னு ஆடுச்சு. அப்புறம் அது கத்தாம இருக்க அலகுல நூலைச் சுத்திக் கட்டி, கூடையில போட்டு மூடினாரு.

அவதான் சந்தேகக்காரி ஆச்சே, ஒரு தடவை பாத்து நம்புவாளா? மறுநாளும் போய்ப் பாத்தா, படபடன்னுச்சு, ஆடுச்சு. அதுக்கு மறுநாளும் போய்ப் பாத்தா, படபடன்னுச்சு, ஆடுச்சு. "அடப் பாவி மனுஷா"ன்னு வேலிக்குப் பின்னாலயே உக்காந்து அழுதுட்டா. காட்டுக்காக அழலை. அன்னைக்குப் புருஷன் சொன்ன வார்த்தையை நினைச்சு அழுதா. அவரு நெசத்தைத்தான் சொல்லியிருக்காரு, நான்தான் இத்தனை வருஷமா தரையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன்னு அழுதா.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. கூட்டத்துக்கு முன்னால எல்லாரும் அய்யனார் கோயிலுக்குள்ள போய்க் கும்பிட்டுட்டு வரணும், அது வழக்கம். சோத்துக்கூடை, செருப்பு எல்லாம் வெளிய வச்சுட்டுத்தான் போகணும். மணியக்காரரு கூடையை வச்சுட்டு உள்ள போனாரு. வெள்ளத்தாயி கடைசியா வந்தா. கையில ஒரு கொட்டான், பனை ஓலையில பின்னின சின்னக் கூடை. அதுக்குள்ள அவ கேணியில தண்ணி சுத்தமா இருக்கணும்னு விட்டிருந்த ஆமை. சட்டுன்னு ஆமையை அவரு கூடையில வச்சா, கௌதாரியைத் தன் கொட்டான்ல வச்சா, துணியை முன்ன இருந்த மாதிரியே சுத்தினா. "கொஞ்ச நேரம் பொறுத்துக்கோடி கண்ணு, சாயங்காலம் கட்டை அவுத்து விட்டுடுறேன்"ன்னு கௌதாரிகிட்டச் சொன்னா.

கூட்டம் கூடுச்சு. மணியக்காரரு கூடையை மடியில வச்சுக்கிட்டு மேல கையை வச்சாரு. அசைவே இல்லை. "கேணி இருக்கிற மண்ணு என் பாட்டன் மண்ணு, கேணி என்னுது"ன்னாரு. ஆடலை. பேசாம இருந்தாரு. கௌதாரி எப்போ அடிக்கும், எப்போ இவளைக் கேக்கலாம்னு காத்துக்கிட்டே இருந்தாரு. ஆமை எங்க சிறகடிக்கிறது? அது தலையை உள்ள இழுத்துக்கிட்டு நிம்மதியாத் தூங்குது. வெயில் ஏறுச்சு. சங்கிலி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். திடீர்னு வெள்ளத்தாயி மடியில படபடன்னுச்சு.

உடனே எந்திரிச்சா. "மணியக்காரய்யா, கடைசியில இருக்கிறவங்களுக்கு நீங்க சொன்னது கேக்கலையாம். கேணி யாருது, இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க"ன்னா. அவரு கூடையைத் தொட்டுப் பாத்தாரு. அசைவே இல்லை. நெஞ்சை நிமித்திக்கிட்டு, "என்னுது! என் பாட்டன் காலத்துல இருந்து என்னுது! நான் வெட்டின..."

கிடுகிடுகிடுகிடு! பூவரசு இலை எல்லாம் கொட்டுச்சு, கோயில் மணி தானா அடிச்சுச்சு. அடங்கினதும் ஊரே திரும்பி ஒரே ஒரு வாயைப் பாத்துச்சு. அது இன்னும் திறந்தேதான் இருந்துச்சு.

"பொய்யன்!"ன்னு எவனோ கத்தினான். மணியக்காரரு துள்ளிக் குதிச்சாரு. "அட முட்டாப் பசங்களா! ஆடறதுக்கும் பொய்க்கும் என்னடா சம்பந்தம்? அது தானா வருது, தானா போகுது! எனக்குத் தெரியாதா? என் கௌதாரிக்கு எல்லாம் முன்னாலயே தெரியும்! அது அடிச்சாத்தானே நான் உங்களைக் கேள்வியே கேக்குறது! இன்னைக்குப் பாழாப்போனது ஏன் அடிக்கலைன்னு தெரியலையே!"ன்னு சொல்லிக்கிட்டே கூடையைத் திறந்தாரு. ஆமை மெதுவா தலையை நீட்டி அவரைப் பாத்துச்சு.

சிரிக்காதீங்க. கூட்டத்துல யாரும் சிரிக்கலை. கொண்டம்மா எந்திரிச்சா. "அப்போ என் எருமை?" பொன்னுலிங்கம் எந்திரிச்சாரு. "அப்போ என் மாடு?" மூணாவதா சங்கிலி எந்திரிச்சான். கூட்டத்துல வாயே திறக்க மாட்டேன்னு வந்தவன், "அப்போ எங்க அய்யா குடுத்த காடு?"ன்னு கேட்ட கேள்வி கோயில் சுவத்துல பட்டு எதிரொலிச்சுச்சு.

வெள்ளத்தாயி சொன்னா, "ஐயா, ரெண்டுல ஒண்ணு நீங்களே சொல்லுங்க. பூமி பொய்க்குத்தான் ஆடுதுன்னா, கேணி எங்களுது. தானா ஆடுதுன்னா, எல்லாமே அவங்கவங்களுது. எதைச் சொல்றீங்க?" தானா ஆடுதுன்னு மணியக்காரரு தன் வாயாலயே ஒத்துக்கிட்டாச்சே. "ம்"னாரு. அன்னைக்கே எருமை திரும்புச்சு, மாடு திரும்புச்சு, காடு திரும்புச்சு, மணியக்காரர் பதவியும் போச்சு. அதுக்கப்புறம் அவரு எங்க வாயைத் திறந்தாலும், ஊர்ப் பிள்ளைங்க குனிஞ்சு தரையைத் தொட்டுப் பாக்க ஆரம்பிச்சுடும். அவரும் பாதியில நிறுத்திடுவாரு. அடுத்தவங்க வாயை அடைச்சவருக்கு அதுதான் கிடைச்சது.

சாயங்காலம் வெள்ளத்தாயி கௌதாரியோட அலகுக் கட்டை அவுத்து விட்டா. அது வேலி மேல ஏறி, இத்தனை நாள் கத்தாததையும் சேத்துக் கத்திட்டுப் பறந்து போச்சு. அப்புறம் அவளும் சங்கிலியும் ஆமையைக் கேணியில விடப் போனாங்க. சங்கிலி தயங்கித் தயங்கி, "அன்னைக்கு ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"ன்னான். "என்ன சொன்னீங்க?"ன்னு தெரியாத மாதிரி கேட்டா, கள்ளி. "உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு..."

கிடுகிடுகிடு. கேணித் தண்ணி வளையம் வளையமா அலைஞ்சுச்சு. அவன் பழக்கத்துல வாயைப் பொத்திக்கிட்டான். வெள்ளத்தாயி தரையைப் பாக்கலை, அவன் மூஞ்சியைப் பாத்தா. "அது ஆடிட்டுப் போகுது, நீங்க நிறுத்தாமச் சொல்லுங்க"ன்னா.

ஊரு இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா ஊரு வாய் ஓயறதே இல்லை. ஆமை தண்ணிக்குள்ள, கௌதாரி காட்டுக்குள்ள, கதை உங்க காதுக்குள்ள. ஆமா, மாடத்துல வச்ச முறுக்குல பாதியைக் காணோமே, யாரு எடுத்தது? யாரும் எடுக்கலையா? நான் தரையை எல்லாம் பாக்க மாட்டேன், எல்லாரும் மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்புங்க.