ஓலை கட்டின மான்

ஆமணக்கம்பட்டிக்காரர்கள் யோசிக்காமல் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அந்த ஊர் மொக்கையனுக்குப் பக்கத்து ஊர்ப் பூமாயி மேல் கொள்ளை ஆசை. ஒருநாள் சந்தையில் வெல்லப்பானைக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் நின்றான். ஊரே கைகொட்டிச் சிரித்தது. அவளும் சிரித்தாள்தான், ஆனால் சிரித்துக்கொண்டே ஒரு கல்லை எடுத்துப் பானையை உடைத்து விட்டாள். அன்றைக்கே கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டான்.

பூமாயியின் அப்பா குப்பணன் பெரிய வேட்டைக்காரர். பெண் கேட்டு வந்தவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பந்தல் போட்டுடறேன், சமையலுக்கு ஆள் வெச்சுடறேன். விருந்துக்குக் கடமான் கறி மட்டும் உன் பொறுப்பு. மான் வந்து சேர்ந்தாத்தான் தாலி. வரலேன்னா பந்தலைப் பிரிச்சுடுவேன்" என்றார்.

மொக்கையன் அதற்கு முன் வேட்டையாடியது மூட்டைப்பூச்சியை மட்டும்தான். கூலி கொடுத்து ஆள் வைக்கவும் வசதியில்லை. ராசாவின் பொதுக்காடு இருக்கவே இருக்கிறது, யாரும் போய் வேட்டையாடலாம், நாமே போய்விட்டால் என்ன என்று நினைத்தான். துணைக்கு மூன்று பேர் கிளம்பினார்கள். ஒச்சப்பன் ஊரிலேயே அறிவாளி. மழையில்லாத வருசத்தில் 'என்றைக்காவது பெய்யும்' என்று சொல்லி, அப்படியே பெய்ததால் அந்தப் பெயர். மற்ற இருவர் பேயாண்டியும் அவன் தம்பி சின்னப் பேயாண்டியும்.

மாமனார் போகிற போக்கில் புத்தி சொல்லியிருந்தார்: "வேட்டையிலே பாதி வேலை சுமக்கறதுதான். அதை வீட்டிலேயே பழகிக்கங்க."

ஆகவே பழகினார்கள். சின்னப் பேயாண்டியின் கைகால்களைக் கழியில் கட்டித் தெருத்தெருவாகச் சுமந்தார்கள். மான் பேசாது என்பதால் அவனும் வாயைத் திறக்கவில்லை. இரவல் வாங்கிய வில்லைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆனால் சுமப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஆகிவிட்டது.

"ஈரல் எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்றான் மொக்கையன். அவனுக்கு ஈரல் என்றால் உயிர்.

மலையடிவாரத்தில் காட்டுக்காவலன் ஓர் ஓலை நறுக்கைக் கொடுத்தான்.

"ஒரு ஓலைக்கு ஒரு மான். மான் கிடைச்சதும் கழுத்திலே இதைக் கட்டிடணும். ஓலை கழுத்திலே இருந்தாத்தான் அது உங்க மான். கட்டினதை விருந்து முடியற வரைக்கும் யாரும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தா ராச தண்டனை."

நால்வரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஓலை தொலைஞ்சா கல்யாணமே தொலைஞ்சுது" என்றான் ஒச்சப்பன். "மடியிலே வெச்சா விழுந்துடும். கையிலே வெச்சா வேர்வையிலே ஊறிடும்."

மொக்கையன் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டான். இவ்வளவு சமத்தாக ஒரு மாப்பிள்ளையா என்று மூவரும் பூரித்தார்கள்.

ஏறும்போது பாரம் ஆகாது என்றும் மாமனார் சொல்லியிருந்தார். அதனால் கட்டுச்சோறு முழுவதையும் அடிவாரத்திலேயே தின்று தீர்த்தார்கள். பிறகு வில்லைப் பற்றிப் பேச்சு வந்தது.

"மானைப் பார்த்த பிறகுதானே வில்லு வேணும்?" என்றான் பேயாண்டி.

"ஆமா, பார்த்ததும் ஒரு ஓட்டமா வந்து எடுத்துக்கலாம்" என்றான் தம்பி.

வில்லைக் காவலன் குடிசையில் வைத்துவிட்டு, கழியையும் கயிற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினார்கள்.

காற்று எப்போதும் முகத்தில் அடிக்க வேண்டும் என்பது மாமனாரின் அடுத்த புத்தி. அன்றைக்குக் காற்றுக்கும் நிலைகொள்ளவில்லை. அது திரும்பிய பக்கமெல்லாம் இவர்களும் திரும்பி நடந்ததில், மத்தியானம் மறுபடியும் காவலன் குடிசை வாசலில் வந்து நின்றார்கள். வில் அங்கேயேதான் இருந்தது. இன்னும் மானைப் பார்க்கவில்லையே என்று அதைத் தொடாமல் திரும்பினார்கள்.

உங்கள் வாடை தெரியக் கூடாது என்றும் சொல்லியிருந்தார் அல்லவா? நால்வரும் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாதே என்றதால், எறும்புப் புற்றின் மேல் உட்கார்ந்துவிட்ட மொக்கையன் அசையவே இல்லை. கண்ணில் நீர் வழிய, பூமாயி, பூமாயி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பொறுத்துக்கொண்டான். அந்த ஆசையைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் நிஜமாகவே ஒரு கடமான் வந்தது. பெரிய கொம்பும் விசிறி மாதிரிக் காதுமாக ஒரு முழத் தூரத்தில் வந்து நின்று, இவர்களை நன்றாகப் பார்த்தது.

"மான் கிடைச்சிடுச்சு! ஓலையைக் கட்டு!" என்று கத்தினான் பேயாண்டி.

மொக்கையன் கழுத்தில் கை வைத்தான். "நில்லு!" என்றான் ஒச்சப்பன். "கட்டினதை அவிழ்த்தா ராச தண்டனை."

எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள். மானும் புல்லை மேய்ந்துகொண்டே கேட்டது.

"ஓலை கழுத்திலே இருந்தாத்தான் நம்ம மான்னு காவலன் சொன்னான்" என்றான் ஒச்சப்பன். "இதோ நிக்குதே, இது கழுத்திலே ஓலை இருக்கா?"

"இல்லை."

"அப்ப இது நம்ம மான் இல்லை. யார் கழுத்திலே இருக்கு?"

மூவரும் மொக்கையனைப் பார்த்தார்கள். அவனும் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டான்.

"அட, காலையிலேயே கிடைச்சிடுச்சு!" என்றான் சந்தோஷமாக. "இது தெரியாம வீணா அலைஞ்சிருக்கோம்."

வந்த மானை, யாருடைய மானோ என்று மரியாதையாக விரட்டிவிட்டார்கள். மொக்கையனைக் கழியில் கட்டினார்கள். பழகிய கை என்பதால் வேலை கச்சிதமாக முடிந்தது. அண்ணனும் தம்பியும் தூக்க, ஒச்சப்பன் முன்னால் முள் ஒதுக்கிக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலையில் பந்தலடியில் கழியை இறக்கினார்கள். உள்ளே மசாலா அரைத்துத் தயாராக இருந்தது. குப்பணன் வந்து பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"மான் எங்கேடா?"

"இதோ, ஓலையோட இருக்குங்க" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப மாப்பிள்ளை எங்கே?"

அதுவரை யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. "ஐயோ, காட்டிலேயே விட்டுட்டோமே!" என்று அலறிக்கொண்டு வந்த வழியே ஓடினார்கள்.

கழியோடு கட்டுண்டு கிடந்த மொக்கையனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்குப் புரிந்தது. நான்தான் மாப்பிள்ளை என்றால் மான் இல்லை. மான் இல்லை என்றால் பந்தலைப் பிரித்துவிடுவார், பூமாயி போய்விடுவாள். செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

குப்பணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் அரிவாளைத் தீட்டிக்கொண்டே வந்து, "மான் வந்தாச்சாமே, எங்கே?" என்றார். பூமாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பு தாளாமல் பந்தக்காலைப் பிடித்தபடி நின்றாள்.

அவளைப் பார்த்ததும் மொக்கையனுக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாகக் கூப்பிட்டான்.

"பூமாயி, எல்லாரும் நல்லா சாப்பிடுங்க. ஈரலை மட்டும் மாப்பிள்ளைக்குன்னு தனியா எடுத்து வெச்சிடு. அவருக்கு ஈரல்னா உசுரு."