மூலைக்கு ஒரு ஹைட்ரஜன்

அப்படி ஒரே போடா போடாதீங்க சம்பந்தி. கம்ப்யூட்டர் சைபர்னு சொன்னா சைபர்தான்னு, உங்களை மாதிரியே எங்க கம்பெனி தணிகைவேலும் சொன்னான். அவன் கெமிஸ்ட்ரியில கோல்டு மெடலு.

நான் அம்பத்தூர் தாண்டி மருந்துக் கம்பெனியில இருந்தேன்ல, அப்ப நடந்தது. அங்க தேடுற ரூம்னு ஒண்ணு, அதுல எனக்கு டைப் அடிக்கிற வேலை. அந்த ரூம்ல மட்டும்தான் ஏசி. அதுவும் மெஷினுக்கு, எங்களுக்கு இல்ல. செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் போகணும். என் புதுச் செருப்பு அங்கதான் காணாமப் போச்சு. அது கெடக்கட்டும்.

ரூமுக்குத் தலைவி ஜெசிந்தா மேடம். தூத்துக்குடிக்காரங்க. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம்.

தணிகைவேல் அவங்ககிட்ட தொழில் கத்துக்க வந்தவன்.

என்ன தொழில்னா, கம்பெனி அதுவரைக்கும் செஞ்சு பாத்த மருந்து அத்தனைக்கும் படம் வரைஞ்சு, குடுத்துப் பாத்ததுல என்ன ஆச்சுன்னு குறிப்பும் எழுதி மெஷினுக்குள்ள வெச்சிருப்பாங்க. நாம ஒரு துண்டு மட்டும் வரைஞ்சு குடுத்தா, அந்தத் துண்டு எந்தெந்தப் படத்துக்குள்ள இருக்கோ அதையெல்லாம் எடுத்துக் குடுக்கும்.

அன்னைக்குக் காலையில பத்து மணி. தணிகைவேல் வேர்த்துப்போய் வந்து நின்னான்.

"மேடம், வார்டுல டாக்டர் என்னைப் புடிச்சுக் கத்துறாரு."

மேடம் நிமிரல.

கம்பெனியோட புது வலி மாத்திரை ஒண்ணை வார்டுல எட்டுப் பேருக்குக் குடுத்துப் பாத்துட்டு இருந்தாங்க. மூணாம் நாள் ஒருத்தருக்குக் கண்ணு மஞ்சளாயிடுச்சு. பரமானந்தம்னு வாலாஜாபேட்டை வேன் டிரைவர். நல்ல ஆளு, வார்டுல இருக்குற நர்சுங்களுக்கெல்லாம் பட்டப்பேர் வெச்சிருப்பாரு. மத்த ஏழு பேருக்கும் பகல் பன்னெண்டுக்கு அடுத்த மாத்திரை.

"மாத்திரை குடுக்குறதுக்கு முன்னாடி நாம குடுத்த ரிப்போர்ட்டை நம்பலாமான்னு கேக்குறாரு மேடம். இந்த மாதிரி மருந்து முன்ன யாருக்காவது கெடுதல் பண்ணிருக்கான்னு தேடினேன். சைபர். சைபர்னு எழுதினேன். சாதா மஞ்சக்காமாலையா இருக்கும்."

"வரைஞ்சதைக் காட்டு."

காட்டினான். கோலம் மாதிரி அழகா, முழு மருந்து. ஒரு புள்ளி விடல.

"எத்தனை வந்துச்சு?"

"ஒண்ணு. அது நம்ம மருந்துதான். அதைக் கழிச்சுட்டேன்."

மேடம் அவனையே பாத்தாங்க.

"நம்ம மருந்தைக் கேட்ட. நம்ம மருந்து வந்துச்சு."

"வேற எதைக் கேக்க மேடம்?"

"அழி."

படத்துல ஒரு பக்கம் வாலு மாதிரி நீட்டிட்டு இருந்ததை அழிச்சான். தேடினான். சைபர்.

"அழி."

நடுவுல இருந்ததை அழிச்சான். சைபர்.

"அழி."

கடைசியில ஒரே ஒரு வளையம். அஞ்சு மூலை. ஒரு மூலையில கந்தகம். தேடினான்.

சைபர்.

அவனுக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. "பாத்தீங்களா மேடம்? வெறும் வளையம். அதுகூட இல்ல."

நானா இருந்தா அப்பவே விட்டிருப்பேன் சம்பந்தி. மணி பதினொண்ணே கால். டீ வேற வந்து ஆறிப்போய் நின்னுச்சு. அந்த கேன்டீன் டீயைச் சூடா குடிச்சாலே ஒண்ணும் இல்ல...

மேடம் மட்டும் திரையில அந்த வளையத்தோட ஒரு மூலையில விரலை வெச்சாங்க.

"இங்க என்ன?"

"ஹைட்ரஜன்."

"இங்க?"

"ஹைட்ரஜன். நாலு மூலையிலயும் ஹைட்ரஜன்தான்."

"இந்த மூலையிலதானே மிச்ச மருந்து ஒட்டிட்டு இருந்துச்சு?"

"ஆமா மேடம். அழிச்சுட்டு ஹைட்ரஜன் வெச்சு மூடிட்டேன்."

"ஏன்?"

"சும்மா விட்டா அங்க ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடாதா?"

மேடம் அவன் கையைத் தள்ளிட்டு நாலு ஹைட்ரஜனையும் தானே அழிச்சாங்க. மூலைங்க மொட்டையா நின்னுச்சு. ஹைட்ரஜன் வெச்சா அந்த மூலையில வேற எதுவும் இருக்கக் கூடாதுன்னு மெஷினுக்கு அர்த்தமாம், மொட்டையா விட்டா எது வேணா இருக்கலாமாம். தேடுன்னு தட்டினாங்க.

நாப்பத்தி ஒண்ணு.

ஒவ்வொண்ணுலயும் அதே வளையம். ஒண்ணுல இந்த மூலையில வாலு, ஒண்ணுல அந்த மூலையில. தணிகைவேல் ஒண்ணொண்ணா தொறந்து படிச்சான். பத்தொன்பதாவதுல நின்னுட்டான். நான்தான் எட்டிப் பாத்துப் படிச்சேன்.

'நாய்கள் ஆறு. நாலு செத்தது. ஈரல்.'

எழுதினவங்க பேரு ஜெசிந்தா. இருபத்திரண்டு வருஷம் முந்தின தேதி.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"மறந்துபோச்சு. மறந்துடுவேன்னுதான் உள்ள வெச்சேன்."

அவன் போனுக்கு ஓடினான். பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஏழு பேர் மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. அந்த ஏழு பேரும் வீட்டுக்குப் போனாங்க.

பரமானந்தம் வெள்ளிக்கெழமை போய்ட்டாரு. கடைசியில நர்சுங்க பேரு எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லையாம். நாக்கெல்லாம் மஞ்சள்.

திங்கக்கெழமை தணிகைவேல் வந்தான். ஷேவ் பண்ணல. செருப்பை வெளிய விட மறந்து அப்படியே உள்ள வந்துட்டான்.

"மேடம், நான் பொய் எழுதல."

"ம்."

"கேட்டதுக்கு வந்த பதிலைத்தான் எழுதினேன்."

"ம்."

"அப்ப அவரைக் கொன்னது நானா?"

மேடம் டிராயரைத் தொறந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்து அவன் முன்னாடி வெச்சாங்க. நான் டைப் அடிச்சதுதான். ரெண்டே வரி. 'தேடப்பட்டது. எதுவும் இல்லை.' கீழ அவன் கையெழுத்து. அதுக்கும் கீழ மேடம் கையெழுத்து.

"படி."

"தேடப்பட்டது. எதுவும் இல்லை."

"நீ என்ன கேட்டேன்னு இதுல எங்க இருக்கு?"

அவன் தேடினான். ரெண்டு வரியில எங்க தேடுறது? ஆனாலும் தேடினான் சம்பந்தி, பேப்பரைத் திருப்பிக்கூடப் பாத்தான்.

"இல்ல மேடம்."

"நானும் அதைக் கேக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவன் பேனாவை எடுத்து அந்த 'எதுவும் இல்லை'யை அடிக்கப் போனான். மேடம் அவன் மணிக்கட்டைப் புடிச்சுட்டாங்க.

"அதை அடிக்காத. மேல எடம் இருக்கு. என்ன கேட்டியோ அதை வரை."

உக்காந்தான். வரைய ஆரம்பிச்சான். வாலு, நடுவுல உள்ளது, எல்லாம் மொத நாள் மாதிரியே ஒண்ணு விடாம.

வளையத்துக்கு வந்தான். கந்தகத்தைப் போட்டான். ஒரு மூலையில ஹைட்ரஜன் வெச்சான்.

அடுத்த மூலைக்குப் பேனா போச்சு. எறங்கல.

இருங்க சம்பந்தி. ஏ கௌசி! தூறல் விழுது பாரு, கொடியில கெடக்குற துணியெல்லாம் உள்ள எடுத்துட்டு வாம்மா!