எரியாத டப்பா

பொன்னுரங்கம் கோபமாகத்தான் வந்தார். யார் மேல் கோபம் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. அந்த இங்கிலீஷ் வகுப்பில் வயதில் மூத்தவர் அவர், நாற்பத்தேழு. டீச்சர் தாஹிராவுக்கு இருபத்துமூன்று. பாலிஷில் கலக்கும் தின்னர் டப்பா ஒன்றை அவள் மேஜையில் டங்கென்று வைத்தார்.

"நீங்க சொல்லிக் கொடுத்த இங்கிலீஷாலதான் ஒருத்தி கை வெந்து கிடக்கா."

"யாரு?"

"செல்லக்கிளி. எங்க பட்டறையில மரத்துக்குப் பாலிஷ் போடுறவ."

டப்பாவில் சிவப்பு எழுத்தில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று இருந்தது.

"ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்கும். முன்னாடி இன் போட்டா இல்லைன்னு அர்த்தம். கம்ப்ளீட், இன்கம்ப்ளீட். நீங்கதானே சொன்னீங்க? இதே மாதிரி ஒரு டப்பாவை, தீப்பிடிக்காதுன்னு நம்பி, சாமி படத்துக்குக் கீழே வைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவ சாம்பிராணி போட்டா. குப்புன்னு பிடிச்சிருச்சு."

"அந்த ரெண்டு வார்த்தைக்கும் அர்த்தம் ஒண்ணுதான். ரெண்டுமே தீப்பிடிக்கும்."

"என்ன எழவு பாஷை இது! எவன் உண்டாக்கினான்?"

"எல்லா வார்த்தைக்கும் அந்தக் கணக்கு சரிவராதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. என் தப்புதான். முதலாளி என்ன சொன்னார்?"

"அவ அஜாக்கிரதையாம். இனிமே வேலைக்கு வர வேண்டாமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? இங்கிலீஷ் படிப்பேன்னுதான் என்னை ஸ்டோருக்கே மாத்தினாங்க. லேபிளைத் தப்பாப் படிச்சேன்னு சொன்னா என் வேலையும் போயிடும்."

தாஹிரா லேபிளை நகத்தால் கீறி முழுசாகக் கிழித்துப் போட்டாள். மூடியைத் திறந்து டப்பாவை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது எரியுமா?"

"இதென்ன கேள்வி? எரியும்."

"எழுத்தே இல்லையே. எப்படித் தெரியும்?"

"வாடை மூக்கைத் துளைக்குதே! இருபது வருஷமா இதுலதானே கிடக்கேன்."

"செல்லக்கிளிக்குத் தெரியாதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொன்னா."

"என்னன்னு?"

"'தின்னர் வாடை அடிக்குதுண்ணே, சாமிகிட்ட வேண்டாம்'னு."

"நீங்க?"

"'பெரிய படிப்பு படிச்சவ, லேபிளைப் படிச்சுக் காட்டு பார்ப்போம்'னேன். பட்டறையே சிரிச்சுது."

தாஹிரா மூடியை அழுத்தி மூடினாள்.

"அவ தமிழ்லதானே சொன்னா? அதுல எந்த வார்த்தைக்கு உங்களுக்கு அர்த்தம் தெரியல?"