பழைய அளவு

“தாயி, உடம்பு சுத்தமாயிட்டு. என் செருப்பைக் குடுங்க. வீட்டுக்குப் போறேன்.”

பன்னிரண்டாம் நாள், வெயில் ஏறின பிறகு, கம்பவுண்டர் இப்படிக் கேட்டார்.

வடிவு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“யாரு சொன்னா?”

“டாக்டரே சொல்லிட்டாரு. நடுக்கம் இல்ல. வாந்தி இல்ல. நேத்து அசந்து தூங்கினேன். காலையில நாலு இட்லி சாப்பிட்டேன்.”

“நல்ல விசேஷம்.”

“வீட்ல என் சம்சாரம் செண்பகம் வழி பாத்துட்டு இருப்பா.”

“இருப்பாங்க” என்றாள் வடிவு.

தேரிக்காட்டின் நடுவில் இருந்தது அந்த வீடு. சுற்றிலும் செம்மணல், உடைமுள், பனை. போதையை விட வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றி வடிவு கையில் கொடுத்துவிட வேண்டும். அவள் அதை வேலி ஓரத்துக் கொட்டகையில் ஆணியில் மாட்டிவிடுவாள். போகும்போது அவளே எடுத்துத் தருவாள். வெறுங்காலோடு அந்த மணலில் எவனும் ஓடமாட்டான் என்று ஒரு நினைப்பு. ஓடினவர்களும் உண்டு.

வடிவுக்குக் கம்பவுண்டரின் மகள் வயதுதான் இருக்கும். அவளும் ஒரு காலத்தில் இங்கே நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவள். இப்போது எல்லோரும் அவளைக் குரு என்கிறார்கள். அவள் அதைக் கேட்டுச் சிரிப்பாள்.

கம்பவுண்டர் முப்பது வருஷம் ஊருக்கே ஊசி போட்டவர். கடைசி ஆறு வருஷம் வலி மருந்தைத் தனக்கே போட்டுக்கொண்டார். இப்போதும் அவர் வேட்டி மடிப்பில் ஒரு குப்பி இருந்தது, ஊசியும் இருந்தது. வந்த அன்றைக்கே வேலி ஓரம் புதைத்தது. இன்று காலை தோண்டி எடுத்துவிட்டார்.

விட்டாச்சு, விட்டாச்சுதான். வழியில் ஒரே ஒரு தடவை. அதோடு சரி. இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இப்படி நினைத்துப் போனவர்கள் எத்தனை பேர்! இவருக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?

“சரி அண்ணாச்சி, நீங்களே போய் எடுத்துக்கிடுங்க” என்றாள் வடிவு. “உச்சிப்பொழுது ஆகப்போகுது. கொட்டகையில ஆளுங்க நிப்பாங்க. இடிச்சிராதீங்க.”

“எந்த ஆளுங்க?”

“செருப்பு எடுக்க வந்தவங்க.”

கம்பவுண்டர் போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு காக்கா இல்லை. பனையோலை கூட அசையவில்லை.

கொட்டகைக்குள் ஏழு பேர் நின்றார்கள்.

எல்லோருக்கும் வெறுங்கால். எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஆணியில் தொங்கும் செருப்புகளைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கம்பவுண்டர் தரையைப் பார்த்தார். மணலில் அவருடைய காலடி மட்டும்தான் இருந்தது.

அவர் ஒரு எட்டு பின்வாங்கினார்.

ஓரத்தில் நின்றவன் திரும்பினான். காக்கிச் சட்டை. லாரி டிரைவராக இருக்க வேண்டும். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தான்.

“நீங்களும் சுத்தமாயிட்டீங்களா அண்ணாச்சி?”

“ஆமா.”

“எனக்கு ஒம்பது நாள்ல ஆயிட்டு. அன்னைக்கே ஓடினேன். உள்ளங்கால் பூரா கொப்புளம். அப்பவும் நேரா வீட்டுக்குப் போகல.”

“பின்ன எங்க போனீரு?”

“பழைய இடத்துக்கு. ஒரே ஒரு தடவைன்னு. வீட்ல அவ மீன்கொழம்பு வச்சிட்டுப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா.”

தொழில் பழக்கம். கம்பவுண்டரின் வாய் தானாகக் கேட்டது.

“எவ்வளவு போட்டீரு?”

“எப்பவும் போடுத அளவுதான்.”

“அது ஒண்ணும் செய்யாதே. பழகின உடம்புல்லா?”

“பழகின உடம்பைத்தான் இங்க கழுவி எடுத்துட்டாங்களே” என்றான் அவன். கையை நீட்டிக் காட்டினான். முழங்கை மடிப்பில் ஊசி குத்தினபடியே தொங்கியது. “உருவக்கூட நேரம் இல்ல அண்ணாச்சி.”

கம்பவுண்டர் அந்த ஊசியையே பார்த்தார். முப்பது வருஷம் மருந்து அளந்த மனுஷன். அடுத்தவன் வந்து கேட்டிருந்தால், “வேண்டாம்யா, விட்ட உடம்பு தாங்காது, பழைய அளவைப் போட்டா செத்துருவ” என்று இவரே சத்தம் போட்டிருப்பார்.

“செருப்பை எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே” என்றார், பேச்சை மாற்றுவதற்காக.

“தொட முடியுது. கழட்ட முடியல.” அவன் நகர்ந்து நின்றான். “உங்களது அந்தா இருக்கு. எடுத்துப் பாருங்க.”

கம்பவுண்டர் கை நீட்டினார். தோல்வாரின் சொரசொரப்பு விரலில் பட்டது. இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சின்ன ஆணிதான். செருப்பு அசையவே இல்லை.

ஏழு பேரும் இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கொஞ்சம் ஒதுங்கி, தன் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்க இடம் விட்டான்.

கம்பவுண்டர் ஓடினார். வேட்டி தடுக்கி வீட்டு வாசலில் விழுந்தார்.

“தாயி! என் செருப்பு வரமாட்டேங்குது! நான் செத்துட்டேனா?”

வடிவு கீரைக் காம்பைத் தூரப் போட்டாள்.

“இன்னும் இல்ல.”

கையை நீட்டினாள். என்ன வேண்டுமென்று சொல்லவில்லை.

கம்பவுண்டர் வேட்டி மடிப்பை அவிழ்த்தார். குப்பியையும் ஊசியையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். விம்மி விம்மி அழுதார்.

“எப்படித் தெரியும் தாயி?”

“நானும் ஒண்ணு புதைச்சு வச்சிருந்தேன்.”

கம்பவுண்டர் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப போனா செருப்பு வருமா?”

“வரும். போய் எடுத்துக்கிடுங்க.”

கம்பவுண்டர் எழுந்தார். கொட்டகையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் மணலிலேயே உட்கார்ந்தார்.

“பயமா இருக்கு. உடம்பு இப்ப மருந்தைக் கேக்கல தாயி. நான்தான் கேக்கேன். வீட்டுக்குப் போனாலும் கேப்பேன்.”

வடிவு கீரைச் சுளகைத் தள்ளி வைத்தாள். முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“பன்னெண்டு நாளா ஒரு உடம்புக்குத்தான் கஞ்சி ஊத்தினேன். இப்பத்தான் ஆள் வந்திருக்கு. உங்க பேரு என்ன அண்ணாச்சி?”

கொட்டகைக்குள்ளிருந்து யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரொம்ப நாள் பழகின குரல், அவருடைய குரலேதான்.

கம்பவுண்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆறுமுகநயினார்” என்றார் அவளிடம்.