ராஜா கற்ற 'ரைட்'

வெள்ளைக்காரத் துரைகள் குதிரையேறி வரத் தொடங்கிய காலத்தில், செம்பியூர்ச் சீமையை கஜேந்திர பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு இங்கிலீஷ் ஆசை பிடித்துக்கொண்டது. துரைகளின் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி அனந்தப்பர் ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தார்.

"ரைட் என்றால் 'சரி' என்று அர்த்தம், மகாராஜா."

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இனி நான் எது சொன்னாலும் எல்லோரும் 'ரைட்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும். மீறினால் நாடு கடத்துவேன்!" என்று தண்டோரா போட்டார்.

வரியைக் கூட்டினார். ரைட். உழவு மாடுகளைத் தேருக்குப் பிடித்தார். ரைட். பாவம், ஜனங்கள் வேறென்ன செய்வார்கள்!

ஆற்றங்கரையில் சீனியம்மாள் தனியாளாகக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னந்தோப்பு இருந்தது. அதன்மேல் துபாஷிக்குக் கண். ராஜாவின் காதில் ஓதினார். அவளைச் சபைக்கு அழைத்தார்கள்.

"தோப்பைத் துபாஷிக்கு விட்டுவிடு."

"ரைட்!" என்றாள் சீனியம்மாள்.

எட்டு நாளாகியும் அவள் நகரவில்லை. வேலி போட வந்தவர்களை அரிவாளோடு விரட்டினாள். மறுபடியும் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"ரைட் சொன்னாயே! இப்போது என்ன திமிர்?" என்று ராஜா கத்தினார்.

"சொன்னேன், மகாராஜா. துரைகளின் கூடாரத்துக்கு இளநீர் கொண்டுபோவேன். வண்டிக்காரனிடம் துரை 'ரைட்' என்றார், வண்டி வலப்பக்கம் திரும்பியது. அதே துரை, தன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்ததும் 'மை ரைட்' என்று சண்டைக்குப் போனார். சமையற்காரரைக் கேட்டேன். ரைட் என்றால் உரிமையாம்! தோப்பு என் உரிமை. அதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். வரி கேட்டபோது ஊரார் எந்த ரைட்டைச் சொன்னார்களோ, யார் கண்டது?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா துபாஷி பக்கம் திரும்பினார்.

"இந்த அர்த்தம் தெரிந்தும் என்னிடம் மறைத்தாயா?"

அனந்தப்பர் வேறு பதில் சொன்னால் நாடு கடத்தல்.

"ரை... ரைட்."

"தோப்பு அவளுடையதுதானே?"

"ரைட்."

"நாளை முதல் அவள் தென்னைக்கு நீதானே தண்ணீர் சுமக்கப்போகிறாய்?"

"ரைட்," என்றார் அனந்தப்பர், அழாத குறையாக.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "சீனியம்மா, உனக்கு என்ன வேண்டும்?"

"தண்டோராவை நிறுத்துங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எங்கள் தமிழில் சொல்ல விடுங்கள்."

ராஜாவின் சிரிப்பு நின்றது.

"நிறுத்தினேன். இனி இந்தச் சபையின் துபாஷி நீதான். இங்கேயே இரு."

"முடியாது, மகாராஜா," என்று சொல்லி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தோப்பைப் பார்க்க நடந்தாள்.