கரடிக்குப் பிடிக்காத அடுக்கு

காட்டிலிருந்த ஊற்றுக்குழி வற்றிக்கொண்டே வந்தது. முதலில் போகிற கூட்டத்துக்குத் தண்ணீர், பின்னால் போகிற கூட்டத்துக்குச் சேறு. இதற்காகக் கரடியின் கூட்டமும் காட்டுப்பன்றியின் கூட்டமும் தினமும் அடித்துக்கொண்டன. ரத்தம் பார்த்துச் சலித்த பிறகு ஒரு பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டன.

தட்டைப் பாறையின் ஓரத்தில் ஆறு குழிகள். நடுவில் பதினைந்து விளாங்காய்களை முக்கோணமாக அடுக்க வேண்டும். பதினாறாவது காயை உருட்டி அடித்து அடுக்கை உடைக்க வேண்டும். கூட்டத்துக்கு ஓர் அடிதான். யார் அதிகக் காய்களைக் குழியில் தள்ளுகிறார்களோ, அவர்கள் கூட்டம் அன்று முதலில் குடிக்கும். உச்சிவேளைக்குள் அடிக்காவிட்டால் தோற்றதாகக் கணக்கு.

கரடியின் கூட்டத்தில் காய் அடுக்குவது உடும்பின் வேலை. அடிப்பது கரடி. முதல் மூன்று நாளும் தோல்விதான். மூன்று நாளும் கரடி ஒரே வார்த்தையைத்தான் சொன்னது: "அடுக்கு சரியில்லை!"

நான்காம் நாள் பன்றி ஓங்கி அடித்து மூன்று காய்களைத் தள்ளிவிட்டது. உடும்பு வறண்ட தொண்டையோடு தன் கூட்டத்துக்காகக் காய்களை அடுக்கியது. ஒரு காய் அடுத்த காயைத் தொட்டு நின்றால்தான் அடியின் வேகம் கடைசி வரிசை வரை போகும் என்று அதற்குத் தெரியும். மூக்கால் நெருக்கி நெருக்கி வைத்தது.

"இடது பக்கம் சாய்ந்திருக்கிறது!" என்றது கரடி.

உடும்பு திருத்தியது.

"இப்போது வலது பக்கம்!"

மறுபடி திருத்தியது.

"நடுக்காய் சொத்தை. வேறு காய் கொண்டு வா!"

கொண்டு வந்தது. கரடி பாறையில் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. "முன்காய் என்னை முறைக்கிறது. கலைத்து அடுக்கு!"

"கரடியண்ணே, காய்க்கு ஏது கண்?"

"எதிர்த்துப் பேசாதே! உன்னால்தான் நேற்றும் தோற்றோம்!"

ஏழு முறை கலைத்தாயிற்று. உடும்பின் மூக்கு தோலுரிந்து எரிந்தது. கூட்டத்தின் குட்டிகள் தாகத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தன. எட்டாம் முறை கரடி வாயைத் திறந்ததும் உடும்புக்குப் பொறுக்கவில்லை.

"அப்படியானால் நீங்களே அடுக்குங்கள்!" என்று கத்திவிட்டு விலகி உட்கார்ந்தது.

கரடி அடுக்கத் தொடங்கியது. ஒரு காயைத் தள்ளினால் இன்னொன்று உருண்டது. அதைப் பிடித்தால் மூன்று ஓடின. பன்றி கெக்கலித்தது. "சூரியன் தலைக்கு மேல் வரப்போகிறது! அடிக்கிறீர்களா, இல்லை சேறு குடிக்கிறீர்களா?"

ஒருவழியாக அடுக்கி முடித்த கரடி, அடிக்கும் காயைக் கையில் எடுத்தது. உருட்டப் போய், உருட்டாமலே இரண்டு முறை கையைப் பின்னுக்கு இழுத்தது. அப்போதுதான் உடும்புக்கு விஷயம் விளங்கியது. கரடிக்கு அடுக்கைப் பற்றிய கவலையே இல்லை, அடிக்கத்தான் பயம்!

"எனக்குக் கை சுளுக்கு. நீயே அடி!" என்று கரடி காயைக் கீழே வைத்தது.

உடும்பு அதுவரை ஒருமுறைகூட அடித்ததில்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கரடியின் அடுக்கில் இரண்டு இடத்தில் விரல் நுழையும் சந்து. எரிகிற மூக்கால் கடைசி வரிசையை நெருக்கி இடைவெளிகளை அடைத்தது. பிறகு திரும்பி நின்று, மூன்று நாள் எரிச்சலையெல்லாம் சேர்த்து வாலைச் சுழற்றிப் பதினாறாவது காயை அடித்தது.

படார்! காய்கள் நாலாபக்கமும் சிதறின. ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து காய்கள் குழியில் விழுந்தன!

கூட்டம் ஆரவாரித்தது. கரடி மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தது.

"பார்த்தீர்களா? நான் அடுக்கிய அடுக்கு!"

உடும்பு குட்டிகளை முன்னால் விட்டு நேரே ஊற்றுக்குப் போய்த் தலையை உள்ளே விட்டுக் குடித்தது.

தோற்றால் பிறர்மேல் பழி போட்டு, வென்றால் பெருமையைத் தனதாக்கிக்கொள்பவனோடு வாதாடித் தொண்டையை உலர்த்துவதைவிட, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போவதே அறிவுடைமை.